திண்ணையிலிருந்து சந்தைக்கு: வீடற்றோர் வாழ்வுக்கு மதீனா காட்டிய வழி

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

ரமளான் பிறை தென்பட்டதும் நம் ஊர்ப் பள்ளிவாசல்களின் முன்னால் வரிசைகள் நீளத் தொடங்குகின்றன. ஜகாத் பணம் நூறாகவும் இருநூறாகவும் பிரிந்து கைகளில் சேர்கிறது. சென்ற ஆண்டு நின்ற அதே முகங்கள் இந்த ஆண்டும் அதே வரிசையில் நிற்கின்றன. அவர்களுள் சிலர் இரவில் பேருந்து நிலையத்திலும் கடைத் திண்ணையிலும் தர்கா வளாகத்திலும் உறங்குபவர்கள். கொடுத்தவரின் கடமை நிறைவேறுகிறது. வாங்கியவரின் நிலை மாறுவதில்லை. இது ஏன் என்று சிந்திப்பதற்கு முன், வீடிழந்த மனிதர்களை முதல் முஸ்லிம் சமுதாயம் எவ்வாறு நடத்தியது என்ற வரலாற்றைப் பார்ப்பது நலம். அதில் நமக்கான விடையும் இருக்கிறது.

வீடிழந்தோர் வந்திறங்கிய நகரம்

கி.பி. 622இல் மக்காவிலிருந்து மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்தவர்களை முஹாஜிர்கள் என்று பெருமையோடு குறிப்பிடுகிறோம். அப்பெயரின் கண்ணியத்தில் அவர்களது உலகியல் நிலை நம் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. அவர்கள் வீடற்றவர்கள். தங்கள் இல்லங்களிலிருந்தும் உடைமைகளிலிருந்தும் வெளியேற்றப்பட்ட ஏழைகள் என்றே அல்ஹஷ்ர் அத்தியாயத்தின் 8ஆம் வசனம் அவர்களை அறிமுகப்படுத்துகிறது. வணிகத்தால் வாழ்ந்த மக்காவாசிகள், பேரீச்சந் தோட்டங்களை நம்பி வாழ்ந்த ஓர் ஊருக்கு வந்து சேர்ந்தனர். அறிந்த தொழிலைச் செய்யக் கையில் முதல் இல்லை. அந்த ஊரின் தொழிலான வேளாண்மையோ அவர்களுக்குப் பழக்கமில்லை.

நபி (ஸல்) அவர்கள் முஹாஜிர்களையும் அன்ஸாரிகளையும் சகோதரர்களாக இணைத்தார்கள். இந்தச் சகோதரத்துவத்தை நாம் மேடைகளில் அடிக்கடி பேசுகிறோம். ஆனால் அதனுள் நடந்த ஒரு முக்கியமான உரையாடலைப் பெரும்பாலும் கடந்து சென்றுவிடுகிறோம். அன்ஸாரிகள் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தங்கள் பேரீச்சந் தோட்டங்களைத் தங்களுக்கும் முஹாஜிர் சகோதரர்களுக்கும் சரிபாதியாகப் பங்கிட்டுத் தருமாறு கேட்டுக்கொண்டனர். நபி (ஸல்) அவர்கள் வேண்டாம் என்று கூறிவிட்டார்கள். அப்படியானால் முஹாஜிர்கள் தோட்டத்தில் உழைக்கட்டும், விளைச்சலில் பங்கு பெறட்டும் என்று அன்ஸாரிகள் கூறினர். இரு தரப்பினரும் அதை ஏற்றுக்கொண்டனர். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது.

நம் ஊர்களில் வாரத்துக்கு உழுவது என்று சொல்வோமே, ஏறத்தாழ அதே ஏற்பாடு இது. நிலத்தின் உரிமை அன்ஸாரிகளிடமே இருந்தது. முஹாஜிர்களுக்கு வேலை கிடைத்தது. பழகாத வேளாண்மையை நிலத்துக்காரரின் அருகிலேயே இருந்து கற்றுக்கொள்ளும் வாய்ப்பும் கிடைத்தது. கொடுக்க முன்வந்தவரின் தாராளத்துக்கும் குறைவில்லை. பெறுபவரின் தன்மானத்துக்கும் இழுக்கில்லை.

இவ்வேற்பாட்டைத் தவிர, சில அன்ஸாரிகள் தங்கள் மரங்களின் கனிகளை அன்பளிப்பாகவும் கொடுத்திருந்தனர். ஹிஜ்ரி 7இல் கைபர் வெற்றிக்குப் பின் முஹாஜிர்களின் நிலை சீரடைந்தபோது, அந்த மரங்களை அவர்கள் உரியவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டனர் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அனஸ் (ரலி) அவர்களின் தாயார் உம்மு ஸுலைம் (ரலி) கொடுத்திருந்த மரங்களும் அவ்வாறே திரும்பி வந்தன. உதவி என்பது ஒரு நாள் தேவையற்றுப் போக வேண்டும் என்ற எண்ணம் கொடுத்தவரிடமும் பெற்றவரிடமும் இருந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி எல்லாரும் அறிந்ததே. அன்ஸாரித் தோழரான ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார். அப்துர் ரஹ்மான் (ரலி) அவருக்காகப் பரக்கத் வேண்டி துஆச் செய்துவிட்டு, சந்தை எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார். கைனுகா குலத்தாரின் சந்தையைக் காட்டினார்கள். அங்கே பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்றுத் தம் வாழ்வைத் தொடங்கினார். சில நாள்களில் மணம் முடிக்கும் அளவுக்கு அவர் முன்னேறியிருந்தார்.

இதைச் சொல்லும்போது அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களின் தன்மானத்தை நாம் புகழ்கிறோம். அது சரியே. ஆயினும் ஒரு செய்தியைச் சேர்த்தே நினைக்க வேண்டும். அவர் மக்காவிலேயே வணிகம் பழகியவர். அவரிடம் திறமை இருந்தது. தங்குவதற்கு ஸஅத் (ரலி) அவர்களின் இல்லம் இருந்தது. அவருக்குத் தேவைப்பட்டது வழி மட்டுமே. எல்லா வீடற்றவர்களும் அந்த நிலையில் இருப்பதில்லை. அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களை உதாரணம் காட்டி, திண்ணையில் கிடப்பவரை ‘நீ ஏன் உழைக்கவில்லை?’ என்று கேட்பது அவ்வரலாற்றைப் பாதி மட்டும் படிப்பதாகும். மறுபாதி மஸ்ஜிதுந் நபவியின் வடபுறத்தில் இருக்கிறது.

ஸுஃப்பா: பள்ளிவாசலுக்குள் ஒரு தங்குமிடம்

ஹிஜ்ரத்துக்குப் பின் பதினாறு அல்லது பதினேழு மாதங்கள் முஸ்லிம்கள் பைத்துல் முகத்தஸை நோக்கித் தொழுதனர். பின்னர் கஅபாவை நோக்கித் திரும்பும் கட்டளை வந்தது. தொழும் திசை தெற்கே மாறியதும், வடபுறச் சுவரை ஒட்டிய பகுதி பள்ளிவாசலின் பின்பகுதியாயிற்று. கூரை வேயப்பட்ட அந்த நிழலிடமே ஸுஃப்பா எனப்பட்டது. அங்கே தங்கியோரைத் தமிழில் திண்ணைத் தோழர்கள் என்று அழைக்கிறோம்.

அவர்கள் யார்? குடும்பமோ செல்வமோ சார்ந்திருக்க ஆளோ இல்லாத, இஸ்லாத்தின் விருந்தினர் என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் விவரிக்கிறார்கள். அவர்களும் அங்கே தங்கியவர்களே. அவர்கள் கண்ட எழுபது பேரில் ஒருவருக்குக்கூட மேலாடை இருந்ததில்லை. கழுத்தில் முடிந்துகொண்ட ஒரே துணி; சிலருக்குக் கணுக்கால் வரை, சிலருக்குக் கெண்டைக்கால் பாதி வரை. உடல் தெரிந்துவிடக் கூடாதே என்று கையால் அதைப் பிடித்துக்கொள்வார்கள். எண்ணிக்கை நிலையாக இருந்ததில்லை. புதியவர்கள் வருவார்கள், வழி கிடைத்தவர்கள் வெளியேறுவார்கள்.

ஆண்கள் மட்டுமே அப்பள்ளிவாசலில் அடைக்கலம் பெற்றார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. ஓர் அரபுக் குலத்தாரிடம் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற கறுப்பினப் பெண்மணி ஒருவர், செய்யாத திருட்டுக்காகக் குற்றம் சாட்டப்பட்டு அவமானப்படுத்தப்பட்டார். குற்றமற்றவர் என்பது வெளிப்பட்ட பின் அவர் மதீனாவுக்கு வந்து இஸ்லாத்தை ஏற்றார். அவருக்காகப் பள்ளிவாசலிலேயே ஒரு சிறு கூடாரம் இருந்தது. அவர் ஆயிஷா (ரலி) அவர்களிடம் வந்து அமர்ந்து பேசுவது வழக்கம். இதையும் ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாகப் புகாரியில் படிக்கிறோம். வீடற்ற ஒரு பெண்ணுக்குக் கூரையும் பாதுகாப்பும் மனம்விட்டுப் பேச ஒரு துணையும் அங்கே கிடைத்தன.

ஸுஃப்பாவின் உணவுக்கு நபி (ஸல்) அவர்கள் ஓர் ஒழுங்கை ஏற்படுத்தியிருந்தார்கள். ஸதகா வந்தால் முழுவதையும் அவர்களுக்கே அனுப்பிவிடுவார்கள். அன்பளிப்பு வந்தால் அவர்களையும் அழைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். இருவருக்கு உணவு உள்ளவர் மூன்றாமவராக ஒருவரை அழைத்துச் செல்லட்டும் என்று தோழர்களை ஏவினார்கள். தோட்டக்காரர்கள் பேரீச்சங் குலைகளைக் கொண்டுவந்து பள்ளிவாசலில் தொங்கவிடுவார்கள். பசித்தவர் தடியால் தட்டி, விழுவதை உண்பார். சிலர் சொத்தைக் காய்கள் நிறைந்த குலைகளைக் கொண்டுவந்தபோதுதான், தாமே முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ள மாட்டாத மட்டமான பொருளைத் தர்மத்துக்கென்று தேடாதீர்கள் என்ற அல்பகரா அத்தியாயத்தின் 267ஆம் வசனம் அருளப்பட்டது என்று பராஉ இப்னு ஆஸிப் (ரலி) அவர்கள் கூறுவதைத் திர்மிதீ பதிவு செய்துள்ளார். கிழிந்த சட்டையை மூட்டை கட்டித் தர்மத்துக்கு அனுப்பும் வீடுகள் இவ்வசனத்தின் பின்னணியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

உணவோடு அங்கே கல்வியும் இருந்தது. ஸுஃப்பாவில் இருந்தோருக்கு எழுத்தையும் குர்ஆனையும் கற்பித்ததாக உபாதா இப்னு ஸாமித் (ரலி) அவர்கள் சொல்லும் செய்தி அபூதாவூதில் உள்ளது. எழுதத் தெரிந்தோர் மிகச் சிலராக இருந்த அக்காலத்தில், எழுத்து என்பது ஒரு தொழிற்கல்வியும் ஆகும். குர்ராக்கள் எனப்பட்ட எழுபது அன்ஸாரித் தோழர்கள் இரவில் குர்ஆன் ஓதிக் கற்பார்கள். பகலில் தண்ணீர் கொண்டுவந்து பள்ளிவாசலில் வைப்பார்கள். விறகு வெட்டி விற்று, அந்தப் பணத்தில் ஸுஃப்பாவினருக்கும் ஏழைகளுக்கும் உணவு வாங்குவார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பது. கொடுத்தவர்களும் பெருஞ்செல்வர்கள் அல்லர். விறகு விற்றுக் கொடுத்தவர்கள் அவர்கள்.

பூமியில் நடமாடிப் பொருள் தேட இயலாதவாறு தடுக்கப்பட்ட ஏழைகள், அவர்களது தன்மானத்தைக் கண்டு அறியாதவர் அவர்களைச் செல்வந்தர் என்றே எண்ணிவிடுவார் என்ற கருத்தில் அமைந்த அல்பகராவின் 273ஆம் வசனம் இவர்களைக் குறித்தது என்று விரிவுரையாளர்கள் பலர் எழுதியுள்ளனர். வீடற்றவரைச் சோம்பேறி என்று அழைப்பதற்கு முன் இவ்வசனத்தின் முன்னால் நாம் நிற்க வேண்டியிருக்கிறது. ஹிஜ்ரி 7இல் பசியோடு அத்திண்ணைக்கு வந்து சேர்ந்த அபூஹுரைரா (ரலி) அவர்கள், உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் பஹ்ரைனின் ஆளுநராக இருந்தார்கள் என்பதும் வரலாறே.

கோடரியின் வரலாறு

ஸுஃப்பா தங்குமிடத்தின் வரலாறு என்றால், அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் மற்றொரு நிகழ்ச்சி தொழிலின் வரலாறு. அபூதாவூதிலும் இப்னுமாஜாவிலும் இது விரிவாக உள்ளது. திர்மிதீ இதன் ஒரு பகுதியைப் பதிவு செய்து ஹஸன் தரத்தில் வைத்தார். இதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் இருப்பதாகக் கூறிய ஆய்வாளர்களும் உண்டு. எனினும் பிறரிடம் கேட்பதைவிடக் கயிற்றை எடுத்துச் சென்று விறகு சுமந்து விற்பது மேல் என்ற இதன் மையக் கருத்து, புகாரியின் ஸஹீஹான ஹதீஸால் உறுதிப்பட்டது.

அன்ஸாரிகளில் ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் உதவி கேட்டு வந்தார். அவருக்கு வீடு இருந்தது. வீட்டில் ஒன்றும் இல்லை. என்ன இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டபோது, பாதியை விரித்துப் பாதியைப் போர்த்திக்கொள்ளும் ஒரு முரட்டுத் துணியும் தண்ணீர் குடிக்கும் ஒரு கிண்ணமும் இருப்பதாகச் சொன்னார். அவற்றைக் கொண்டுவரச் செய்து, தம் கையில் ஏந்தி, இவற்றை வாங்குபவர் யார் என்று சபையில் கேட்டார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் என்றார். அதற்கு மேல் தருபவர் யார் என்று இரண்டு மூன்று முறை கேட்டார்கள். மற்றொருவர் இரண்டு திர்ஹம் தந்து வாங்கிக்கொண்டார். ஒரு திர்ஹத்துக்கு உணவு வாங்கிக் குடும்பத்தாருக்குக் கொடுக்குமாறும், மற்றதற்கு ஒரு கோடரி வாங்கித் தம்மிடம் கொண்டுவருமாறும் அந்த அன்ஸாரியிடம் கூறினார்கள். அவர் கொண்டுவந்ததும், நபி (ஸல்) அவர்கள் தம் திருக்கரத்தாலேயே அதற்குக் காம்பு பொருத்திக் கொடுத்தார்கள். விறகு வெட்டி விற்று வா, பதினைந்து நாள்கள் உன்னை நான் பார்க்கக் கூடாது என்று அனுப்பினார்கள். பதினைந்து நாள்களில் அவர் பத்து திர்ஹம் சம்பாதித்து, ஆடையும் உணவும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

‘உழைத்து உண்’ என்ற அறிவுரையாக மட்டுமே இந்நிகழ்ச்சியை ஜும்ஆ மேடைகளில் கேட்டிருக்கிறோம். சற்று நிதானித்துப் பார்த்தால் இதில் அறிவுரை மிகக் குறைவு, ஏற்பாடு மிக அதிகம். முதலில் நபி (ஸல்) அவர்கள் அவரிடம் இருப்பதைக் கேட்டறிந்தார்கள். அடுத்து, இருந்த சொற்பப் பொருளுக்குச் சபையில் கூடுதல் விலை கிடைக்கச் செய்தார்கள். முதலில் சொன்ன ஒரு திர்ஹத்தோடு நின்றிருந்தால் கோடரி வாங்கியிருக்க முடியாது. மூன்றாவதாக, கருவிக்கு முன் குடும்பத்தின் பசியை ஆற்றச் சொன்னார்கள். வீட்டில் பிள்ளைகள் பட்டினி கிடக்கும்போது எவருக்கும் தொழிலில் மனம் செல்லாது. நான்காவதாக, கருவியைப் பயன்படுத்தத் தக்கதாக ஆக்கிக் கொடுத்தார்கள். ஐந்தாவதாக, அந்த ஊரில் விலைபோகும் பொருள் எது என்று காட்டினார்கள். இறுதியாக, ஒரு தவணை குறித்து, அது முடிந்ததும் அவரது நிலையை அறிந்துகொண்டார்கள்.

இவற்றுள் காம்பு பொருத்திய செயலே என் மாணவர்களிடம் நான் அதிகம் வலியுறுத்துவது. காம்பில்லாத கோடரி வெறும் இரும்பு. நம் வழக்கில் கோடரிக்காம்பு என்பது சொந்த இனத்தையே அழிப்பவனைக் குறிக்கும் வசைச்சொல். இவ்வரலாற்றிலோ ஒரு குடும்பத்தை நிமிர்த்தியது அந்தக் காம்புதான்.

ஃபிக்ஹு நூல்கள் வகுத்த சட்டம்

இந்த நடைமுறையை நம் இமாம்கள் சட்டமாகவும் வகுத்தார்கள். கொடுத்தால் தன்னிறைவு அடையும் அளவுக்குக் கொடுங்கள் என்ற கருத்து உமர் (ரலி) அவர்களிடமிருந்து அறிவிக்கப்படுகிறது. ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம் அல்மஜ்மூஉ நூலில் ஷாஃபிஈ அறிஞர்களின் நிலைப்பாட்டை விளக்குகிறார்கள். தொழில் அறிந்த ஏழைக்கு, அத்தொழிலுக்குரிய கருவிகளை வாங்கும் அளவுக்கு ஜகாத்திலிருந்து கொடுக்க வேண்டும். அதன் விலை சிறிதானாலும் பெரிதானாலும் சரியே. கீரை விற்பவருக்கு ஐந்து அல்லது பத்து திர்ஹம் போதும். நவரத்தின வணிகம் மட்டுமே அறிந்தவருக்குப் பத்தாயிரம் திர்ஹமும் தேவைப்படலாம். அளவு ஆளுக்கு ஆள், தொழிலுக்குத் தொழில் மாறும் என்பதே இதன் சாரம். எல்லாருக்கும் ஒரே நூறு ரூபாய் என்ற நம் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. இச்சட்ட நூலிலிருந்து வரவில்லை.

உடல் வலிமையுள்ள, சம்பாதிக்கத் தகுந்தவருக்கு ஜகாத்தில் பங்கில்லை என்ற ஹதீஸையும் அதே இமாம்கள் விளக்குகிறார்கள். வலிமை இருந்தும் வேலை கொடுப்பார் கிடைக்காதவர், இயலாதவர் கணக்கிலேயே சேர்வார். அவருக்கு ஜகாத் ஆகுமானதே. வேலையின்மையைத் தனிமனிதரின் குணக்கேடாகப் பார்க்காமல், சந்தையின் நிலையையும் சேர்த்துப் பார்த்த சட்டம் இது.

உழைக்கவே இயலாதவருக்குத் தனி நீதி உண்டு. வாசல் வாசலாக இரந்த ஒரு யூத முதியவரைக் கண்ட உமர் (ரலி) அவர்கள், அவரைத் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்று கொடுத்ததையும், அவருக்கும் அவரைப் போன்றோருக்கும் ஜிஸ்யாவை நீக்கிப் பைத்துல்மாலிலிருந்து வழங்க ஆணையிட்டதையும் இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) தம் கிதாபுல் கராஜில் எழுதியுள்ளார். முதியவர் கையில் கோடரியைக் கொடுப்பது இஸ்லாம் அன்று. மனநலம் குன்றித் தெருவில் திரிவோருக்கும் இதுவே பொருந்தும். அவர்களுக்கு முதலில் வேண்டியது சிகிச்சையும் பராமரிப்பும்.

உஸ்மானிய ஆட்சியில்

மதீனாவில் ஒரு பள்ளிவாசல் தொடங்கிவைத்த இப்பணியைப் பின்னாளில் வக்ஃபுகளும் அரசுகளும் ஏற்று நடத்தின. அவற்றுள் பத்தொன்பதாம் நூற்றாண்டு உஸ்மானியப் பேரரசின் ஒரு முயற்சி நம் பொருளுக்கு மிக நெருங்கியது. போர்களாலும் அகதிகளின் வரவாலும் பால்கன் நகரங்களின் தெருக்களில் ஆதரவற்ற சிறுவர்கள் பெருகியிருந்தனர். 1861 முதல் நிஷ் மாகாணத்தை நிர்வகித்த மித்ஹத் பாஷா, அங்கே அவர்களுக்காக இஸ்லாஹ்கானா என்ற இல்லத்தை நிறுவினார். அநாதைகளின் நிலையைச் சீர்செய்வதே நன்று என்று அல்பகராவின் 220ஆம் வசனம் கூறும் இஸ்லாஹ் என்ற சொல்லிலிருந்தே அப்பெயரை அவர் எடுத்தார். 1864இல் தூனா மாகாணத்தின் ஆளுநரான பின் ருஸ்ஜுக், சோஃபியா நகரங்களிலும் இவ்வில்லங்கள் எழுந்தன.

அங்கே முஸ்லிம் சிறுவர்களும் கிறிஸ்தவச் சிறுவர்களும் சேர்ந்தே தங்கினர். எழுத்தும் கணக்கும் கற்றதோடு தையல், செருப்புத் தைத்தல் முதலிய தொழில்களையும் பயின்றனர். அவர்கள் செய்த பொருள்கள் விற்பனைக்கும் சென்றன. 1868இல் இஸ்தான்புல்லில் திறக்கப்பட்ட தொழிற்பள்ளிக்கும் இதுவே முன்மாதிரி. பின்னர் இரண்டாம் அப்துல் ஹமீது சுல்தானின் காலத்தில், 1896இல் இஸ்தான்புல்லில் தாருல் அஜஸா திறக்கப்பட்டது. இரந்து திரிந்தோருக்கும் முதியோருக்கும் ஆதரவற்ற குழந்தைகளுக்குமான அவ்வளாகத்தில் தொழிற்கூடங்கள் இருந்தன. பள்ளிவாசலோடு தேவாலயமும் யூத ஆலயமும் இருந்தன. இன்றும் அது செயல்படுகிறது.

நம் நகரங்களில் இன்று

நம் நாட்டில் 2013இல் தொடங்கப்பட்ட தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம், ஒரு லட்சம் மக்கள்தொகைக்குக் குறைந்தது நூறு பேர் தங்கும் இல்லம் வேண்டும் என்று நெறி வகுத்தது. அதே இயக்கத்தில் தொழிற்பயிற்சி அளித்து வேலையில் சேர்ப்பதற்குத் தனி உறுப்பும் இருந்தது. தங்குமிடம் ஒரு பிரிவு, பயிற்சி வேறொரு பிரிவு. ஸுஃப்பாவுக்கும் சந்தைக்கும் இடையே நடந்து செல்லும் தொலைவுதான் இருந்தது. நம் காலத்தில் அவ்விரண்டுக்கும் இடையே விண்ணப்பங்களும் ஆவணங்களும் நிற்கின்றன. நடைபாதையில் வாழ்பவரிடம் முகவரிச் சான்று இல்லை. ஆதார் அட்டை தொலைந்திருக்கும். வங்கிக் கணக்கு இராது. குளித்து, துவைத்த உடை உடுத்திப் போய் வேலை கேட்க அவருக்கு ஓர் இடமில்லை. வாங்கிக் கொடுத்த கருவியை இரவில் பத்திரமாக வைக்கவும் இடமில்லை.

முதலில் வீடா, முதலில் வேலையா என்று இன்று சமூகப் பணியாளர்கள் விவாதிக்கிறார்கள். மதீனாவின் வரலாறு இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. கூரையும் உணவும் நிபந்தனையின்றிக் கிடைத்தன. அவற்றின் நிழலிலேயே கல்வியும் தொழிலும் தொடங்கின. வழி கிடைத்தவர் வெளியேறினார்.

நம் ஜமாஅத்துகளும் பைத்துல்மால்களும் இதில் ஒன்றும் செய்யவில்லை என்று கூற முடியாது. தையல் இயந்திரமும் தள்ளுவண்டியும் வழங்கும் நிகழ்ச்சிகள் ஊர்தோறும் நடக்கின்றன. அல்லாஹ் அவற்றை ஏற்றுக்கொள்வானாக. ஆனால் இயந்திரம் பெற்ற சகோதரிக்கு ரவிக்கை வெட்டத் தெரியுமா, துணி கொடுப்பவர் யார், ஆறு மாதம் கழித்து அந்த இயந்திரம் அவர் வீட்டில் இருக்கிறதா என்று கேட்பவர் குறைவு. கோடரி கொடுக்கிறோம், காம்பு பொருத்துவதில்லை, பதினைந்தாம் நாள் எங்கே இருக்கிறார் என்று பார்ப்பதுமில்லை.

ஓர் ஊர் ஜமாஅத் ஆண்டுக்கு ஐம்பது பேருக்குச் சிறு தொகை கொடுப்பதோடு, ஒரே ஒருவரைப் பொறுப்பேற்று நிமிர்த்தவும் முடிவு செய்யலாம். அவர் தங்க ஓர் அறை, ஆவணங்களைப் பெற்றுத் தர ஓர் இளைஞர், அவர் அறிந்த தொழிலைக் கேட்டறியும் ஒரு பெரியவர், சில மாதங்கள் அருகில் வைத்து வேலை பழக்க ஒரு கடைக்காரர், இவ்வளவே தேவை. உணவகமும் துணிக்கடையும் தோல் தொழிலும் இரும்புக் கடையும் நடத்துவோர் நம் சமுதாயத்தில் ஏராளம். ஆளுக்கு ஒருவரை ஏற்றால், அதுவே முஹாஜிர்–அன்ஸாரி உறவின் இன்றைய வடிவம்.

இதில் கவனிக்க வேண்டிய சட்டங்களும் உண்டு. ஜகாத் பணத்தில் வாங்கும் கருவியை உரியவருக்குச் சொந்தமாக்கிக் கொடுத்துவிட வேண்டும். ஜமாஅத்தின் சொத்தாக வைத்து இரவல் தருவதால் ஜகாத் நிறைவேறாது. அறை வாடகை, பயிற்சியாளர் சம்பளம் போன்ற செலவுகளை ஸதகாவிலிருந்தும் வக்ஃப் வருமானத்திலிருந்தும் செய்வது பேணுதலானது. ஹனஃபீ மத்ஹபில், கடனோ குடும்பச் சுமையோ இல்லாத ஒருவருக்கு நிஸாப் அளவு அல்லது அதற்கு மேல் கொடுப்பது மக்ரூஹ். ஆயினும் ஜகாத் நிறைவேறிவிடும். எனவே தொகையை முடிவு செய்யுமுன் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நடைபாதையில் உறங்குவோர் எல்லாச் சமயத்தவருமாக இருப்பர். முஸ்லிமல்லாதவருக்கு ஜகாத் கொடுப்பதில் பெரும்பான்மை அறிஞர்கள் வரம்பு வகுத்திருந்தாலும், ஸதகாவின் வாசல் எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது. உமர் (ரலி) அவர்கள் அழைத்துச் சென்ற முதியவர் யார் என்பதை மறக்க வேண்டாம்.

அன்பிற்குரிய பெற்றோரே! வரும் ரமளானில் ஜகாத்தைக் கணக்கிடும்போது, எவ்வளவு கொடுக்கிறோம் என்பதோடு, நாம் கொடுத்ததால் யார் அடுத்த ஆண்டு வரிசையில் நிற்கமாட்டார் என்ற கேள்வியையும் குடும்பத்தோடு அமர்ந்து கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளும் அந்தப் பேச்சில் இருக்கட்டும். இன்று வாங்கும் கை நாளை கொடுக்கும் கையாக மாறுவதைக் கண்ணால் காணும் பிள்ளைக்கு ஜகாத்தின் பொருளைத் தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

வல்ல அல்லாஹ் வீடற்றோருக்கு உறைவிடத்தையும், வேலையற்றோருக்கு ஹலாலான வருவாயையும், வசதி படைத்தோருக்கு அவர்களோடு இறுதிவரை உடனிருக்கும் மனத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.